பதினேழாம் வரிசைக் குசும்பு

என் வீட்டுக்காரருக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த இரண்டையும் அடக்க நான் செய்யாத முயற்சி இல்லை.

கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரில் யார் நின்றாலும் அவர்கள் போட்டிருக்கும் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பனியன், டீ-சர்ட் என்றால் கேட்கவே வேண்டாம், கீழ்மடிப்பைப் புரட்டித் தையலையும் பார்த்துவிடுவார். முதலிபாளையத்தில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட் ஒன்று சின்னதாக வைத்திருக்கிறார். திருப்பூரில் இது ஒரு குற்றமே இல்லை. பேக்கரியில் டீ குடிக்கிற நாலு பேரில் இரண்டு பேர் மற்ற இரண்டு பேரின் துணியைத் தடவிக்கொண்டுதான் நிற்பார்கள். சிவன்மலைக் கோயிலில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற ஆளின் காலரைத் திருப்பி லேபிளைப் படித்தவர் இவர். அந்த ஆளும் கோபப்படாமல், "முப்பதாம் நம்பர் நூலுங்க" என்று பதில் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாய் விஷயம் அதைவிட மோசம். எங்கள் பக்கம் முறைக்காரர்களைக் கேலி செய்வது ஓர் உரிமை. மாமன், மச்சான், கொழுந்தியாள், சம்பந்தி என்று முறை வந்துவிட்டால் எவ்வளவு குசும்பு பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் விட்டால்தான், "ஏனுங்க, என்னை முறையா நெனைக்கலீங்களா?" என்று சண்டைக்கு வருவார்கள். இதெல்லாம் சரிதான். ஆனால் என் வீட்டுக்காரர் முருகவேல் இந்த உரிமையைத் தமிழ்நாடு முழுவதற்கும் விரித்துவிட்டார். கண்ணில் பட்டவரெல்லாம் அவருக்கு மாப்பிள்ளை. கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் மாப்பிள்ளை, லாரி டிரைவர் மாப்பிள்ளை, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த பையனும் மாப்பிள்ளை. 'மாப்ளே' என்றால் மிஷின் ஆபரேட்டர் என்று அர்த்தம் போலிருக்கிறது என்று அந்தப் பையன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான்.

இந்தக் கையையும் வாயையும் கூட்டிக்கொண்டுதான் நான் 2020 பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறினேன்.

போன காரணம் எங்கள் ஒரே பெண் அனுப்ரியா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கும் முனீஸ் என்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள். மதுரைப் பக்கத்துக் குடும்பம், வேறு ஆட்கள். நாங்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்தோம், பிறகு பெண்ணின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தோம். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா விஜயராணி ஒரு டாக்டர். சென்னை விமான நிலையத்திலேயே பயணிகளின் ஆரோக்கியத்தைப் பார்க்கிற பிரிவில் வேலை. அந்த அம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்தப் பையன் அம்மா பேச்சைத் தாண்டமாட்டான்.

கிளம்புவதற்கு முதல் நாள் அனு போன் செய்தாள்.

"அம்மா, அவங்க ரொம்ப கண்டிப்பானவங்க. வார்த்தைய அளந்துதான் பேசுவாங்க. அப்பாவை நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயக் கட்டிட்டு இருக்கச் சொல்லும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கடைசி வார்த்தையில் குரல் கம்மிவிட்டது. சின்ன வயதிலிருந்து இது வேண்டும் அது வேண்டும் என்று அழாத பெண். போனை அவரிடமே கொடுத்தேன்.

"என்ற கண்ணுக்காக வாயில பூட்டே போட்டுக்கறன்," என்றார். "சாவிய உங்கம்மா வெச்சுக்கட்டும்."

நானும் நம்பினேன். அந்தப் பூட்டு சாயங்காலம் சம்பந்தி வீட்டு வாசலில் போட வேண்டியது, அதுவரைக்கும் திறந்தே இருக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பது எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனா என்ற பேரை டிவியில் கேட்டுக் கேட்டு நாம் பழகிக்கொண்டிருந்த நேரம். நோய் பெரும்பாலும் சீனாவிலேயே இருந்தது, பயம் மட்டும் முந்திக்கொண்டு வந்து நம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தது. விமானத்தில் நிறையப் பேர் மாஸ்க் போட்டிருந்தார்கள். எங்களுக்குப் பதினேழாம் வரிசை. நான் ஜன்னலோரம், அவர் நடுவில், அந்தப் பக்கம் பச்சை டீ-சர்ட் போட்ட ஒரு சென்னைப் பையன். மாஸ்க்கும் போட்டிருந்தான், கையில் சானிடைசர் பாட்டிலும் வைத்திருந்தான். டீ-சர்ட்டைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது.

விமானம் மேலே ஏறி நேரானதும் அவர் கை போய்விட்டது. பையனின் தோள்பக்கத் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார்.

"ஹலோ, என்ன சார் பண்றீங்க?" என்று பையன் துள்ளினான்.

"ஒண்ணுமில்லீங்க மாப்ளே. கனம் நூத்தி அறுவது ஜி.எஸ்.எம். இருக்குமான்னு பாத்தனுங்க. நல்ல துணி."

பையன் துணி பற்றிய ஆராய்ச்சியில் கலந்துகொள்ளவில்லை. தோளில் சானிடைசரை ஊற்றித் துடைத்துக்கொண்டான். அதோடு விட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து இவருக்கு இருமல் வந்தது. அது பஞ்சுத் தூசி இருமல். நிட்டிங் மிஷின் பக்கத்திலேயே வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் தொண்டையில் ஒரு கரகரப்பு இருக்கும். எங்கள் ஊரில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

பையன் திரும்பிப் பார்த்தான். "சார், இருமல் எத்தனை நாளா இருக்கு?"

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வருவதை நான் பார்த்தேன். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏறும். தொடையில் கிள்ளினேன். பிரயோஜனமில்லை.

"போன வாரம் சீனாவுக்கு மிஷின் பாக்கப் போயிருந்தனுங்க மாப்ளே," என்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "அங்க புடிச்சது, இன்னும் உட மாட்டேங்குது. டாக்டரு ஆருகூடவும் ஒட்டி உக்காராதீங்கன்னாரு. பிளேன்ல எங்கீங்க தள்ளி உக்காரறது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்குச் சீனாவும் தெரியாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. அதுதான் அவருடைய முதல் விமானப் பயணமே.

பையன் பெல்ட்டைக் கழற்றிய வேகம் இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. எழுந்து நின்று, "மேடம்! இந்த சார் சைனாலேர்ந்து வந்திருக்காரு! கொரோனா!" என்று கத்தினான்.

அடுத்த நிமிடம் பதினெட்டாம் வரிசை காலி. அப்புறம் பதினாறு. எல்லோரும் முன்னும் பின்னும் ஓடப் பார்க்க, பணிப்பெண்கள் கையை விரித்து மறித்தார்கள். ஒருவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார், இன்னொருவர் விபூதியை எடுத்து நெற்றி முழுக்கப் பூசினார். ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து மோந்து பார்த்தார், பற்ற வைத்துவிடப் போகிறார் என்று நினைத்துப் பணிப்பெண் பாய்ந்து பிடித்தார்.

"சும்மா தமாசுக்குச் சொன்னனுங்க!" என்று இவர் எழுந்தார். "நான் சீனாவே போனதில்லீங்க, முதலிபாளையமுங்க!"

"இப்ப பயந்துகிட்டு மறைக்கிறாரு," என்றது ஒரு குரல். "வேர்க்குது பாருங்க, காய்ச்சல்," என்றது இன்னொரு குரல். பொய் சொன்னபோது உடனே நம்பினவர்கள், உண்மை சொன்னபோது ஒருத்தர்கூட நம்பவில்லை. உட்காரச் சொல்லி இருவருக்கும் மாஸ்க் கொடுத்தார்கள். அதையும் அவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார். எனக்கு ஜன்னலைத் திறந்து குதித்துவிடலாமா என்று இருந்தது, அது திறக்கிற ஜன்னல் இல்லை.

மூன்று வரிசைக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். ஏழு மாதம் இருக்கும். துப்பட்டாவால் வயிற்றை மூடிக்கொண்டு, சீட்டுக்கு மேலாகத் திரும்பி இவரைப் பார்த்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இவர் முகத்திலிருந்த மிச்சச் சிரிப்பும் போனது.

"கலை, தப்புப் பண்ணிப்போட்டனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாயத் தொறக்காதீங்க," என்றேன்.

அப்போது அறிவிப்பு வந்தது. விமானம் இறங்கியதும் யாரும் எழுந்திருக்கக் கூடாது, விமான நிலையத்து டாக்டர்கள் உள்ளே வந்து பரிசோதிப்பார்கள் என்றார்கள்.

டாக்டர்கள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சம்பந்தியம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. இவருக்கு இன்னும் உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் ஒரே ஒரு டாக்டரா இருப்பார், பத்துப் பேராவது இருக்கமாட்டார்களா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிவன்மலை ஆண்டவனே, மற்ற ஒன்பது பேரில் யாரையாவது அனுப்பு, உனக்குக் காவடியோடு இவரை நடத்தியே கூட்டி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். காவடி வேண்டுதல் அவர் கணக்கில்தான், தப்பு அவருடையதுதானே.

விமானத்தை எங்கோ ஒரு ஓரத்தில் கொண்டு போய் நிறுத்தினார்கள். கதவு திறந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, நீல உறை போட்ட கைகள் என்று மூன்று உருவங்கள் நடந்து வந்தன. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. முன்னால் வந்த உருவம் எங்கள் வரிசையில் நின்று, குனிந்து, காய்ச்சல் பார்க்கிற கருவியை இவர் நெற்றிக்கு நேராக நீட்டியது.

நீட்டிய கையின் துணி இவர் மூக்குக்கு முன்னால் வந்துவிட்டது. இனிமேல் நான் என்ன சொல்ல? இரண்டு விரலும் தானாகப் போய்ப் பிடித்துவிட்டன.

"இது பின்னுன துணியில்லீங்க, அமுக்கி ஒட்டுனதுங்க," என்றார். "தையல்ல ஊசி போன ஓட்டையெல்லாம் அப்படியே இருக்குதுங்களே."

"கைய எடுங்க சார்," என்றது ஒரு பெண் குரல். குரலில் பனிக்கட்டி வைத்திருந்தது போல இருந்தது. "அந்த ஓட்டைக்கெல்லாம் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கு, அது எனக்கும் தெரியும். உங்க பேர் என்ன?"

"முருகவேலுங்க. திருப்பூருங்க."

அந்தக் கண்ணாடி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பியது.

"நீங்க?"

"கலைமகளுங்க," என்றேன்.

"பொண்ணு பேரு அனுப்ரியாவா?"

இவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அது திறந்திருந்தும் சத்தம் வராமல் நான் பார்த்தது அன்றுதான். சாயங்காலம் நாங்கள் தேடிப் போக வேண்டிய சம்பந்தியம்மாள், காலையிலேயே எங்களைத் தேடி வந்துவிட்டார்.

எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைத்தார்கள். எங்களை மட்டும் பக்கத்திலிருந்த ஒரு அறைக்குக் கூட்டிப் போய்க் காய்ச்சல், நெஞ்சு, தொண்டை எல்லாம் பார்த்தார்கள். சீனா கதையை விசாரித்தார்கள். பாஸ்போர்ட்டே இல்லாதவர் எங்கே போயிருக்க முடியும்? பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து இவரை நிற்க வைத்துத் திட்டினார். எங்கள் வீட்டு மாடுகூட அத்தனை திட்டு வாங்கியதில்லை. விமானக் கம்பெனிக்காரர், மூன்று மாதத்துக்கு எங்கள் விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, தப்புங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அந்த வெள்ளை உடையோடேயே கதவருகில் நின்றிருந்தார். "எங்ககிட்ட தப்புன்னு சொல்லி என்ன சார் பிரயோஜனம்? அங்க உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

கூடத்தில் மைக் இருந்தது, ஆனால் இவர் மைக்கை வாங்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் குனிந்து நின்றார். "நான் சீனா போகலீங்க. எனக்கு நோயுமில்லீங்க. வெளையாட்டா வாய உட்டுப்போட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க." விபூதிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கற்பூரப் பெரியவர், "ஏம்ப்பா, உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டார். "இல்லீங்க," என்றார். பச்சை டீ-சர்ட் பையனிடம் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை, "தம்பி" என்றுதான் சொன்னார். அவன் ஒரு முறை தலையாட்டினான்.

கடைசியாக அந்தக் கர்ப்பிணிப் பெண்ணிடம் போனார். கையை மட்டும் கூப்பினார்.

"எனக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலைங்க," என்றாள் அவள். "அதான் பயந்துட்டேன்."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. இவர்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளே தண்ணீர் பாட்டிலை நீட்டி, "எந்திரிங்க அங்கிள்" என்றாள்.

மறுபடி அந்த அறையில் போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா உடையைக் கழற்றிவிட்டு வந்தார். இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். ஒல்லியான, மாநிறமான முகம். நெற்றியில் கண்ணாடி அழுத்தின தடம். சிரிப்பு என்பதே அந்தப் பக்கம் வந்து போன அடையாளம் இல்லை.

"சார், ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லிடுறேன்," என்றார். "உங்களுக்கு ஒண்ணு இருக்கு."

இவர் முகம் வெளுத்துவிட்டது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப வருஷமா இருந்திருக்கும் போல. கூட இருக்கவங்களைத்தான் அது அதிகமாப் பாதிக்கும். இந்தம்மா முகத்தைப் பாத்தாலே தெரியுது. மருந்து கிடையாது. பொண்ணுக்கும் இருக்கலாம். அதனால என் பையன் விஷயத்துல நான் யோசிக்க வேண்டியிருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத்தான் சொல்கிறார். அனுவின் முகம் கண்முன்னால் வந்தது. ஒரே ஒரு நாள் கேட்டாளே, அதைக்கூட எங்களால் கொடுக்க முடியவில்லையே.

இவர் எழுந்து நின்றார். "அம்மா, நீங்க சொன்னது நாயமுங்க," என்றார். "ஆனா புள்ளைக்கு என்ற வாய் வரலீங்க. அவ அவங்கம்மா மாதிரிங்க, ஒரு வார்த்தை பேசறதுக்கு ஒம்போது தடவை ரோசன பண்ணுவா. நான் பண்ணுன தப்புக்கு அவளத் தண்டிச்சுப் போடாதீங்க. வேணும்னா கல்யாணத்துக்கு நான் வரலீங்க. மண்டபத்துக்கு வெளியவே நின்னுக்கறன்."

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்துட்டீகளா?" என்றார்.

அந்தக் குரல் வேறாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பயந்துட்டனுங்க. நெஞ்சே அடைச்சுப் போச்சுங்க."

"அந்தப் புள்ளத்தாச்சிக்கும் இப்பிடித்தேன் அடைச்சிருக்கும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மைக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவீகன்னு நெனச்சேன்," என்றார் டாக்டரம்மா. "ஆளாளு முன்னாடி போயி நின்னீக. நான் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். சரி, சாயந்தரம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாங்க சம்பந்தி. வெத்தலை பாக்கு மாத்திக்கிருவோம்."

சம்பந்தி என்ற சொல் என் காதில் விழுந்தது. மனதுக்குள் போக நேரமெடுத்தது. இவருக்கு அதுவும் போகவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரையே கேலி செய்தவர், திருதிருவென்று முழித்துக்கொண்டு கேட்டார்:

"இப்ப நீங்க சொன்னது... தமாசுங்களா, நெசமுங்களா?"

"மொதல்ல சொன்னது தமாசு, பின்னாடி சொன்னது நெசம்," என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் சிரித்தார். "எங்க பக்கமும் முறைக்காரவகளக் கேலி பண்ணுவோம் சம்பந்தி. முறைக்காரவகள மட்டுந்தேன். வழியில போற சனங்களப் பண்ண மாட்டோம்."

நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் மெதுவாக ஏறியது. ஏதோ பேச வாயைத் திறந்தார். பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் கண் மட்டும் நாற்காலியின் மேல் கிடந்த டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டிலேயே நின்றது. விரல்கள் மடியில் கிடந்து தவித்தன. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். கோட்டை எடுத்து இவர் மடியில் போட்டார்.

"தொட்டுப் பாத்துச் சொல்லுங்க சம்பந்தி," என்றார். "எந்த ஊருத் துணி இது?"